திண்ணைத் தூணை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. ஓட்டு வீடு. வாசல் திண்ணையில் நாலு மரத்தூண். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி கரை மீறியது. எங்கள் திண்ணையிலும் தண்ணீர் ஏறி நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் கிழக்கோரத் தூண் மட்டும் லேசாக இறங்கியிருந்தது. மாசியில் அதை மாற்றினோம். அதிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

தூண் கெட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்தால் தெரியாது. பெயிண்ட் பூசிய தூணாக இருந்தால் சுத்தமாகத் தெரியாது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையை ஒட்டி, தூணின் நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை வழுக்கும், இல்லையென்றால் நூல் அளவு இறங்கி நிற்கும். எங்கள் தூணில் இரண்டு அங்குலம் உள்ளே போனது, வெளியே இழுத்தபோது காப்பித்தூள் மாதிரி கொட்டியது. அதற்கு மேலே இரண்டு முழம் தள்ளிக் குத்தினால் இறங்கவே இல்லை.

விரல் கணுவால் தட்டியும் பார்க்கலாம். வைரம் பாய்ந்த மரம் கணீரென்று கேட்கும், உள்ளே உளுத்தது பொத்பொத்தென்று கேட்கும். ஆசாரி அடியிலிருந்து உச்சி வரை தட்டிக்கொண்டே போய், "அண்ணாச்சி, மேல நல்லாத்தான் இருக்கு. கால் போயிட்டு" என்றார்.

தூணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். மேலே உத்திரம் தூணின் மீது உட்காரும் இடம், இரண்டுக்கும் நடுவே இருக்கும் போதிகைக் கட்டை, உத்திரத்தில் வந்து சேரும் கைமரங்களின் (ஓட்டைச் சுமக்கும் சாய்வுக் கட்டைகள்) நுனி எல்லாவற்றையும் ஏணி போட்டுப் பாருங்கள். ஓடு உடைந்து ஒழுகினால் முதலில் கெடுவது அந்த இடம்தான்.

ஏன் எப்போதும் தூணின் அடி மட்டும் கெடுகிறது?

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தப் பதிலை நினைவில் வையுங்கள். தண்ணீர் பட்டதால் மட்டும் மரம் கெடுவதில்லை. பட்ட தண்ணீர் போக வழியில்லாமல் தங்குவதால்தான் கெடுகிறது.

மரத்தின் குறுக்குவெட்டு முகம் ஒரு கட்டுப் புல்லாங்குழலை நறுக்கி வைத்தது போல இருக்கும், முழுக்க நுண்ணிய குழாய்கள். தூணின் பக்கவாட்டில் வழியும் மழை ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். அடிமுகம் ஈரத்தில் நின்றால் அந்தக் குழாய்கள் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரம் விடாமல் இருக்கிற மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த மரத்தைக் கரையான் தேடி வரும்.

பழைய கொத்தனார்களும் ஆசாரிகளும் இதைத் தெரிந்துதான் தூணுக்கு அடியில் கல் வைத்தார்கள். தரைமட்டத்திலிருந்து அரை சாண் உயரத்துக்குக் கல் நிற்கும், தூண் அதன் மேல் நிற்கும். வாசல் தெளிக்கிற தண்ணீர், சாரல், வாய்க்கால் பெருகி வருகிற தண்ணீர் எல்லாம் கல்லோடு போய்விடும்.

அப்புறம் என்ன நடந்தது? சுண்ணாம்புத் தரை பெயர்ந்தது என்று சிமெண்ட் போட்டோம். பத்து வருஷம் கழித்து அதன் மேல் டைல்ஸ் போட்டோம். ஒவ்வொரு முறையும் தரை இரண்டு மூன்று அங்குலம் ஏறியது, கல் இறங்கவில்லை. கடைசியில் கல் தரைக்குள் புதைந்து, தூணின் கால் சிமெண்டுக்குள் மாட்டிக்கொண்டது. கோடையில் மரம் சுருங்கும்போது சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மழையில் அந்த இடைவெளி ஒரு கிண்ணம். எங்கள் தூணைச் சுற்றி டைல்ஸை உடைத்தபோது பங்குனி வெயில் தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது, வெள்ளம் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே விரல் வைத்தால் இன்னும் ஈரம்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் இதே தாமிரபரணிக் கரைதான். உள்ளே இருக்கிற மரவேலை சில நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. அங்கே மரத்தின் காலில் தண்ணீர் தேங்குவதில்லை, காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே காலைச் சரிசெய்யாமல் தூணை மட்டும் மாற்றினால் காசு வீண். எவ்வளவு நல்ல தேக்கு வைத்தாலும் அதே குழிக்குள் நட்டால் அதே கதிதான்.

அடி மட்டும் கெட்டிருந்தால் முழுத்தூணையும் மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு முழத்துக்குள் கெட்டிருந்து, மேலே மரம் கெட்டியாக இருந்தால், கெட்டதை அறுத்துவிட்டு அடியில் கல்லை உயர்த்திக் கொடுக்கலாம். சுலபமான வழி இதுதான், பார்வைக்கும் கெடுதல் இல்லை. அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போட்டு போல்ட் முடுக்குவதும் உண்டு. ஆனால் ஒட்டு நன்றாகப் பொருந்த கை தேர்ந்த ஆசாரி வேண்டும், ஒட்டு விழுகிற இடம் மழை படாத உயரத்தில் இருக்க வேண்டும். கடைசல் வேலையோ பூவேலையோ உள்ள பழைய தூணாக இருந்தால் கட்டாயம் இந்த வழியையே தேடுங்கள். அந்த வேலையை இன்றைக்குத் திரும்பச் செய்வது கஷ்டம்.

எங்கள் தூணில் கெடுதல் இரண்டு அடிக்கு மேல் ஏறியிருந்தது, நடுவே வெடிப்பும் இருந்தது. அதனால் முழுசாக மாற்றினோம்.

எந்த மரம் வாங்கலாம்?

தேக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் தேக்கு என்ற பேருக்குக் காசு கொடுக்காதீர்கள், வைரத்துக்குக் கொடுங்கள். தேக்கில் கரையான் தொடாதது நடுவில் இருக்கும் பழுப்பு நிற வைரப்பகுதிதான். ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெள்ளையைக் கரையான் மற்ற மரம் மாதிரியே தின்னும். பதினைந்து இருபது வருஷத்தில் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் பாதி வெள்ளையாகவே இருக்கும். அறுத்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள். செங்கோட்டை, தென்காசி பக்கம் அறுவை மில்லில் நேரே நின்று அறுத்து வாங்கினால் இது நன்றாகத் தெரியும்.

வேங்கை கனமான, உறுதியான மரம், தூணுக்கு நல்லது. அயனி, பலா இரண்டும் மேற்கு மலையோரத்தில் கிடைக்கும், நிறமும் அழகு. வேம்பு நம் ஊர் மரம், எல்லோர் கொல்லையிலும் இருக்கிறது. முற்றிய வேம்பின் வைரம் கூரைக்குள் நிற்கும் தூணுக்குப் போதும், ஆனால் பச்சையாக அறுத்தால் கோணும். அந்தக் காலத்தில் வேம்பையும் பூவரசையும் அறுப்பதற்கு முன் குளத்தில் ஊறப்போடுவார்கள். மரத்தில் இருக்கும் மாவுச்சத்து கரைந்து போய்விட்டால் வண்டு வராது.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஜில்லாவின் தேரிக்காட்டுப் பக்க (செம்மணல் மேட்டுப் பக்க) வீடுகள் பனங்கையும் பனந்தூணும்தான். முற்றிய பனையின் வெளிப்பகுதி கறுப்பு நாரோடு இரும்பு மாதிரி இருக்கும், உளியே மழுங்கும். உள்பகுதி சோறு, அதற்கு வலு கிடையாது. அதனால் பனந்தூண் வைத்தால் வெளிவைரத்தை இழைத்துத் தள்ளிவிடக் கூடாது.

எங்கள் நிலத்து மரத்தையே வெட்டிக்கொள்ளலாமா?

பனை என்றால், மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். பனை வேண்டுமென்றால் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் வாங்குவதே நல்லது. பட்டா நிலத்துத் தேக்காக இருந்தாலும் வெட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது தாள் இல்லையென்றால் வழியில் நிற்க வேண்டியிருக்கும்.

பழைய வீட்டுத் தூண் வாங்குவது நல்லதா?

என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. மரம் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆறு அங்குலத் தூணுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புது மரத்தில் அவ்வளவு நாள் யாரும் காத்திருப்பதில்லை. வீட்டில் நட்ட பிறகுதான் அது காயும், காயும்போது வெடிக்கும். எழுபது எண்பது வருஷம் வெயிலும் காற்றும் பார்த்த தூண் சுருங்குகிற அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும்.

வாங்கும்போது அடியையும் உச்சியையும் ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பொடி கொட்டினால் வேண்டாம். ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், இருந்தால் இழைக்கும்போது இழைப்புளி அலகு உடையும். உங்கள் அளவைவிட அரை அடியாவது நீளம் கூடியிருக்கட்டும்.

அளவும் கணக்கும் எப்படி?

மரம் கன அடியில் விற்பார்கள். ஆறுக்கு ஆறு அங்குலம், எட்டு அடி நீளம் என்றால், 6 × 6 × 8 ÷ 144, ஆக 2 கன அடி. நன்றாக உலர்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. தூண் 36, 37 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கி நிறுத்தலாம்.

உருட்டு மரமாக வாங்கினால் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 4 அடி, நீளம் 8 அடி என்றால் 8 கன அடி. உண்மையான கன அளவு பத்துக்கு மேல் இருக்கும். வெளியே அறுத்துத் தள்ளுகிற பலகைக்காக விடுகிற கழிவு அது, ஏமாற்று இல்லை.

உயரத்தைப் பழைய தூணில் அளக்காதீர்கள். அது இறங்கியிருக்கும். பக்கத்துத் தூண்களிலிருந்து தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பிடித்து, உத்திரம் இருக்க வேண்டிய உயரத்தைக் குறித்து, அதிலிருந்து கல்லின் உயரத்தைக் கழியுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மாசியிலிருந்து சித்திரை வரை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலுக்கு முன்னால் முடிக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டாம்.

பழைய தூணை எடுக்கும்போது கூரை விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முட்டு, அதாவது கூரையைத் தற்காலிகமாகத் தாங்கும் கால். அது சரியாக இருந்தால் மீதி வேலை அரை நாள். ஆசாரி எங்களிடம் முதல் நாளே சொன்னது: "முட்டு கொடுக்காம தூணுல கைய வைக்கப்படாது. மேல இருக்கது பாரம் இல்ல அண்ணாச்சி, உசுரு."

சீமை ஓடும் அதைத் தாங்கும் பட்டியல் சட்டமும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 65 கிலோ அளவுக்கு வரும். திண்ணை அகலம் ஆறு அடி, தூணுக்குத் தூண் எட்டு அடி என்றால் ஒரு தூண் சுமக்கும் கூரை ஏறக்குறைய 24 சதுர அடி. ஓடும் பட்டியலும் மட்டும் 145 கிலோ, உத்திரமும் கைமரமும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். நாட்டு ஓடு அடுக்கடுக்காகப் போட்டிருந்தால் இன்னும் கூடும்.

முதலில், தூணுக்கு மேலே உத்திரம் ஒரே கட்டையாக ஓடுகிறதா, இரண்டு கட்டை அங்கே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்கும், அதைத்தான் போதிகை தாங்குகிறது. அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தால் மறுபக்க உத்திரம் அப்படியே தொங்கி இறங்கும். தூணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அடி தள்ளி, பக்கத்துக்கொரு முட்டாக இரண்டு கட்டாயம் வேண்டும்.

முட்டுக்கு சென்ட்ரிங் வேலைக்காரர்களிடம் இருக்கும் இரும்பு ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள். சவுக்குக் கம்பும் ஆப்பும் வைத்துச் செய்தவர்கள் உண்டு, ஆனால் திருகி ஏற்றுவதில் இருக்கும் நிதானம் ஆப்பு அடிப்பதில் வராது. திண்ணைக்கு உள்ளே இருப்பது வெறும் மண் நிரப்பு. ஜாக்கியின் கால் அதில் இறங்கும். அதனால் அடியில் இரண்டு அடி நீளத்துக்குக் கனமான பலகை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். உத்திரம் நசுங்காமல் மேலேயும் ஒரு கட்டை.

தூணுக்கு மேலே உள்ள நாலைந்து வரிசை ஓட்டை முன்பே இறக்கிவிட்டால் பாரம் குறையும், ஓடும் உடையாது. அப்புறம் திருகுங்கள். தூணின் உச்சிக்கும் போதிகைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு வந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். கூரை ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் அதை ஒரே நாளில் தூக்க வேண்டாம். காலையில் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று மூன்று நாலு நாளில் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் சுண்ணாம்புச் சுவரில் விரிசல் ஓடும்.

ஒன்று முக்கியம். மின்சார சர்வீஸ் வயர் பல வீட்டில் திண்ணை முகப்பில்தான் வந்து இறங்குகிறது. அது உத்திரத்திலோ தூணிலோ கட்டப்பட்டிருந்தால் மின்வாரியத்தில் சொல்லி அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

புதுத் தூணின் காலை எப்படி அமைப்பது?

பழைய கல் நன்றாக இருந்தால் அதையே தோண்டி எடுத்து உயர்த்தலாம். இன்றைய தரையிலிருந்து குறைந்தது நாலு அங்குலம் மேலே நிற்கட்டும், ஆறு இருந்தால் இன்னும் நல்லது. கல்லின் மேல்முகம் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் கொத்தச் சொல்லுங்கள், தண்ணீர் வழிந்துவிடும்.

கல்லின் நடுவில் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை நட்டோம். அது தூணின் அடியில் உள்ள துளைக்குள் போகும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சின்ன எஃகுத் தகடு வைத்ததால் மரம் கல்லைத் தொடாமல் நூல் இடைவெளியில் நிற்கிறது. அந்த இடைவெளியில் காற்று போகும். அதைப் பார்த்துவிட்டு, "அழகா இல்லையே, சிமெண்ட் வச்சு மூடிரலாமே" என்று கொத்தனார் கேட்பார். விடாதீர்கள். அந்த ஒரு கரண்டி சிமெண்டால்தான் பழைய தூண் போனது.

தூணின் அடிமுகத்தை நிறுத்துவதற்கு முந்தின நாளே எண்ணெயில் உட்கார வையுங்கள். அகலத் தட்டில் இரண்டு விரல் ஆழம் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, தூணை அதில் நிறுத்தி வைத்தோம். காலையில் தட்டில் பாதி எண்ணெய்தான் இருந்தது. தண்ணீரையும் மரம் அப்படித்தான் குடிக்கும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

அடிமரம் கீழே, நுனி மேலே என்று நிறுத்த வேண்டும். இதில் ஆசாரிமார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நீங்களும் வாதாட வேண்டாம். உச்சியில் ஒரு முளை விட்டு போதிகையின் துளைக்குள் உட்கார வைப்பார்கள். தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்த பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும், அதுவும் மெதுவாக.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிக் காற்று உங்கள் பக்கம் கூரையைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். கனமான ஓட்டுக்கு அவ்வளவு பயமில்லை. ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருந்தால், தூணின் காலையும் தலையையும் பட்டை வைத்து போல்ட் போட்டே ஆக வேண்டும்.

மேலே என்ன பூசலாம்?

ஆளிவிதை எண்ணெய் மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள். முந்திரிக்கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூச்சியைத் தடுக்க நல்லது, நிறம் கறுத்துவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். கெட்டியான பெயிண்ட் எனக்குப் பிடிக்காது. அது ஒரு இடத்தில் விரிந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வராது.

கரையானுக்கு மருந்து வேண்டுமா?

திண்ணை மண்ணில் புற்றின் தடம் இருந்தால் வேண்டும். கல்லைத் தோண்டும் நாளில் மண்ணுக்கு மருந்து ஊற்றுவது சுலபம். கிணறு பக்கத்தில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தூண் கல் மேல் நின்றால் கரையான் மண்குழாய் கட்டித்தான் ஏற முடியும், அது கண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை பார்த்து உடைத்துவிடலாம்.

இரும்புக் குழாயோ கான்கிரீட்டோ வைத்தால் தொல்லை விட்டதே?

வைக்கலாம், விழாது. ஆனால் மற்ற மூன்றும் மரமாக நிற்கும்போது ஒன்று மட்டும் கான்கிரீட்டாக நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியது நீங்கள்தான். குழாயும் தரையோடு சேரும் இடத்தில் துருப்பிடிக்கும், காரணம் அதே தண்ணீர்தான். முறையாகக் கால் அமைத்த மரத்தூண் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

புதுத் தூணை எப்படிப் பராமரிப்பது?

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு கை எண்ணெய். ஸ்க்ரூடிரைவரால் நாலு குத்து. ஆணி அடிக்காதீர்கள். எங்கள் பழைய தூணில் மாவிலைத் தோரணத்துக்காக ஆளாளுக்கு அடித்த ஆணிகள் பதினாறு. ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பாகத் துருக்கறை, ஒவ்வொன்றும் தண்ணீர் போகும் வழி. இப்போது தோரணத்தைக் கயிற்றால் கட்டுகிறோம்.

கழற்றிய தூணை விறகுக்குப் போட்டுவிடலாமா?

ஐயோ, வேண்டாம். கெட்ட இரண்டு அடி போக மீதி முழுக்க வைரம். எங்கள் ஆசாரி அதில் இரண்டு மணையும், அம்மாவுக்கு ஒரு அரிவாள்மணைக் கட்டையும் செய்து கொடுத்தார். எத்தனை தடவை கழுவினாலும் அது கோணவில்லை. கட்டையின் ஓரத்தில் பழைய தோரண ஆணியின் துளை ஒன்று அப்படியே இருக்கிறது, அதில் நூல் கோத்துத்தான் அம்மா சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள்.